ஸ்பைடரா, சரளி வரிசையா? மாஸ்டரா, போனா? வன்னியில் கிட்டார் பழகுகிறவர்களுக்கு

ஜி, சி, டி, இ மைனர் என்ற நான்கு கோர்டும் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடிகள்) பிடிக்கத் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போதுதான் பாட்டு நின்று நின்று போகும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ, புதிதாகக் கிட்டார் எடுத்தவர்களில் அநேகர் தடக்குப்படும் இடம் இதுதான். இதைத் தாண்ட ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மாஸ்டரிடம் போ என்பார் ஒருவர், யூடியூப் போதும் என்பார் இன்னொருவர். சேர்ச்சில் பாடகர் குழுவோடு சேர்ந்து வாசித்தால் தானாக வரும் என்பார் மூன்றாமவர். இவற்றை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: கை பிழை விடும்போது, அதை அந்த நேரத்திலேயே உங்களுக்குச் சொல்லப்போவது எது?

முதலில் கிட்டாரைப் பற்றி, சுருக்கமாக. நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 52 மில்லிமீற்றர் அகலம். இரும்புக் கம்பிக் கிட்டாரில் அது 43 அளவில் இருக்கும். நைலோனில் விரல் பக்கத்துக் கம்பியில் முட்டாது, நுனியும் அவ்வளவு நோகாது. ஆனால் சின்னக் கைக்குப் பார் கோர்ட் (ஒரே விரலால் பல கம்பிகளைக் குறுக்கே அமர்த்துவது) எட்டுவது கஷ்டம். 12 கேஜ் (கம்பியின் தடிப்பு அளவு) இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுவை 70 கிலோ வரும், நைலோனில் 40 கிலோ அளவுதான். இதனால்தான் நைலோன் கிட்டாருக்கு இரும்புக் கம்பி மாட்டக் கூடாது. மாட்டினால் கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் கழன்று கையோடு வந்துவிடும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் இரும்புக் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும், வாசித்து முடிய ஒவ்வொரு முறையும் துணியால் துடைக்கவேண்டும். என் கணக்கில், பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் நைலோன். மற்றவர்களுக்குக் கையில் எது இருக்கிறதோ அதுவே போதும். இரும்புக் கம்பிக் கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் மட்டும், விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். அதை இறக்காமல் எந்தப் பயிற்சி செய்தாலும் நோவுதான் மிஞ்சும்.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

வீடியோக்களில் எல்லாரும் காட்டுவது ஸ்பைடர். நான்கு விரலையும் அடுத்தடுத்த நான்கு ஃபிரெட்டில் ஒவ்வொன்றாக வைத்து, ஆறாம் (தடித்த) கம்பியிலிருந்து முதலாம் (மெல்லிய) கம்பி வரை நடப்பது. நான்கு விரலுக்கும் சம வேலை, ஆறு கம்பிக்கும் சம வேலை. குறை என்னவென்றால் அது சங்கீதம் மாதிரிக் கேட்காது. ஒரு சுரம் மங்கிப்போனாலும் காது கவனிக்காது, ஏனென்றால் அடுத்து என்ன வரவேண்டும் என்று காதுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. நாலைந்து நாளில் பிள்ளைகள் விட்டுவிடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மாற்றாக ஒன்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்தவர்கள், வட இலங்கை சங்கீத சபைச் சோதனைக்கு வாய்ப்பாட்டோ வயலினோ பழகியவர்கள் எல்லாருமே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (சுரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் தொடக்கப் பாடம்) பாடியவர்கள்தான். அதை அப்படியே கிட்டாரில் வைக்கலாம். ஐந்தாம் கம்பி 3ஆம் ஃபிரெட் ச, அதே கம்பி 4ஆம் ஃபிரெட் ரி. நாலாம் கம்பியில் 2ஆம் ஃபிரெட் க, 3ஆம் ஃபிரெட் ம. மூன்றாம் கம்பியை வெறுமனே தட்டினால் ப, அதில் 1ஆம் ஃபிரெட் த. இரண்டாம் கம்பி வெறுமனே நி, அதில் 1ஆம் ஃபிரெட் மேல் ச.

ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்து வாசித்தால் ரி சுண்டுவிரலுக்கு வரும். சங்கராபரணத்தை, அதாவது மேற்கத்தைய மேஜர் ஸ்கேலை, இதே இடத்தில் வாசித்தால் ரி வெறும் நாலாம் கம்பியாகிவிடும், சுண்டுவிரல் சும்மா நிற்கும். புத்தகங்களிலும் வீடியோக்களிலும் முதலில் வருவது சி மேஜர். எங்கள் கைக்கு மாயாமாளவகௌளைதான் நல்லது என்பேன். ஒரு சுரம் பிசகினாலும் பாடிப் பழகிய காது உடனே பிடித்துவிடும். ஸ்பைடரிடம் இல்லாதது அதுதான்.

சரளி வரிசைக்கும் குறை உண்டு. ஆறாம் கம்பிக்கும் முதலாம் கம்பிக்கும் அதில் வேலையே இல்லை. ஆகவே ஸ்பைடரை முழுதாகத் தூக்கி எறியவேண்டாம், ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 5ஆம் ஃபிரெட்டிலிருந்து தொடங்குங்கள். 650 மில்லிமீற்றர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் 36 மில்லிமீற்றர், ஐந்தாவதில் அது 29 ஆகக் குறைந்துவிடும். முதல் நாளே 1ஆம் ஃபிரெட்டில் விரலை விரித்து மணிக்கட்டை நோகடிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த போட்டி கைத்தாளத்துக்கும், ஒரே சீராக அடி காட்டும் மெட்ரோனோமுக்கும். மூன்று காலமும் (மூன்று வேகமும்) கையால் தாளம் போட்டுப் பாடியவர்கள் மெட்ரோனோம் எதற்கு என்று கேட்பார்கள். கிட்டாரில் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், மிச்சம் இருப்பது கால். அந்தக் கால் உங்களோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும்! விரல் தடுமாறும் இடத்தில் காலும் மெல்லப் போகும், நீங்கள் சரியாக வாசித்ததாகவே உங்களுக்குத் தோன்றும். போனில் இருக்கும் மெட்ரோனோம் யாருக்காகவும் காத்திருக்காது. நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அடிக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றாங் காலம் சிதறினால் 50க்கு இறக்குங்கள். தங்கச்சியோ தம்பியோ பக்கத்தில் இருந்து தாளம் போட்டால் அதைவிட நல்லது, பிழைக்குச் சிரிக்கவும் ஆள் இருக்கும்.

ஸ்பைடரும் சரளி வரிசையும் கோர்ட் மாற்றத்தை நேராகத் தீர்க்காது. அதற்குத் தனி வேலை வேண்டும். ஜி, சி இரண்டையும் எடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற்றுகிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஜி பிடிப்பதிலேயே இரண்டு வழி உண்டு. ஆட்காட்டி விரலை ஐந்தாம் கம்பியில் வைப்பது ஒன்று. நடுவிரல் ஐந்தாம் கம்பி 2இல், மோதிரவிரல் ஆறாம் கம்பி 3இல், சுண்டுவிரல் முதலாம் கம்பி 3இல் வைப்பது மற்றது. முதலாவது தொடக்கத்தில் சுகமாக இருக்கும். இரண்டாவதில் சி கோர்டுக்குப் போவது லேசு: நடுவிரலும் மோதிரவிரலும் இருந்த வடிவிலேயே ஒரு கம்பி கீழே நகர்ந்தால் போதும், ஆட்காட்டி புதிதாக வந்து உட்காரும். சரளி வரிசையில் வேலை செய்த சுண்டுவிரல் இங்கே உதவிக்கு வரும். இந்த இரண்டாம் வழியைச் சிரமப்பட்டாவது பழகிவிடுங்கள்.

இனி ஆட்கள் விஷயம். யூடியூப்பின் பெரிய பலம் வேகத்தைப் பாதியாகக் குறைத்து எத்தனை தடவையும் பார்க்கலாம் என்பது. அது முகஞ்சுளிக்காது. ஆனால் உங்கள் மணிக்கட்டு மடிந்திருப்பதையோ, ஃபிரெட்டை ஒட்டி அமர்த்தாமல் நடுவில் அமர்த்துவதையோ, தேவைக்கு மேல் நெரிப்பதையோ அது பார்க்காது. நல்ல மாஸ்டர் இதையெல்லாம் அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பார். சிக்கல் என்னவென்றால், ஒட்டுசுட்டானிலோ முள்ளியவளையிலோ இருக்கிற பிள்ளை பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். போன இடத்தில் வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் கையை அவர் பார்ப்பது இரண்டு நிமிடம். அதற்கு வாராவாரம் போவதைவிட, மாதம் ஒருமுறை தனியாக அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். இடையில் உங்கள் இடது கை தெரியும்படி வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எடுத்ததை முதலில் நீங்களே பாருங்கள், பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

கனடாவில் இருக்கிற மாமா சூமில் படிப்பிக்கிறேன் என்றால் அதுவும் நல்லதுதான். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், அதனால் எங்கள் இரவு அவருக்குக் காலை. ஆனால் இணைப்பில் சத்தம் பிந்தி வரும், இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. கையைத் திருத்த அது உதவும், தாளத்தைத் திருத்த உதவாது.

தாளத்துக்குப் பாடகர் குழுவை அடிக்க ஒன்றும் இல்லை. பாட்டு உங்களுக்காக நிற்காது, கோர்ட் தவறினாலும் வலது கை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இடது கைப் பிழையோ அந்தக் கூட்டச் சத்தத்தில் அமுங்கிப்போகும், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். அதனால் மூன்று மாதம் தனியாகப் பழகின பிறகு போய்ச் சேருங்கள். பிக்கா (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) விரலா என்ற வாதமும் அங்கே முடிந்துவிடும்: குழுவில் சத்தம் வேண்டும், பிக் எடுங்கள். வீட்டில் தனியே வாசிக்க விரல்.

மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்று பார்க்காதீர்கள். முதல் வகுப்பில் உங்களை வாசிக்கச் சொல்லி, உங்கள் விரலைப் பிடித்து இடம் மாற்றி வைத்தாரா? வைத்தார் என்றால் அடுத்த மாதக் காசையும் கட்டலாம். பலகையில் கோர்ட் படம் கீறிக் கொப்பியில் எழுத மட்டும் சொன்னார் என்றால், அந்தப் படங்கள் போனிலேயே இருக்கின்றன.