பனித்துளிக்கும் லென்ஸுக்கும் நடுவே எத்தனை விரற்கடை?

மார்கழியில் காரைக்குடிப் பக்கம் ஆறரை மணிவாக்கில் சூரியன் தலைகாட்டும். அருகம்புல் நுனியில் தொங்கும் துளிகள் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். வாடைக்காற்று ஒருமுறை புரண்டு படுத்தாலே பாதி உதிர்ந்துவிடும், மீதியை வெயில் குடித்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் துளியைப் படமெடுக்கக் கையில் எது இருக்க வேண்டும்? மூன்று மார்கழியாகக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று சுற்றி, ஐந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்: மேக்ரோ லென்ஸ், எக்ஸ்டென்ஷன் ட்யூப், திருப்பிப் போட்ட லென்ஸ், முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ், கைப்பேசி. கேமரா ஒன்றுதான்: ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் கொண்ட கேனான்.

மேக்ரோ, அதாவது சின்னதை நெருங்கிப் பெரிதாக எடுப்பது, என்றாலே எல்லோரும் உருப்பெருக்கத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று (சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவுக்கே) வருமா, இரண்டு மடங்கு வருமா என்பதே கேள்வியாக இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். துளியைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. லென்ஸின் முன்விளிம்புக்கும் துளிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

புரியவைத்தது எக்ஸ்டென்ஷன் ட்யூப். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் லென்ஸ் முன்னே தள்ளிப்போகும், பொருள் பெரிதாகும். கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 12, 20, 36 மி.மீ. என மூன்று குழாய்கள் ஒரு செட். 36-ஐயும் 12-ஐயும் சேர்த்து 50 மி.மீ. லென்ஸில் போட்டால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும். கண்ணாடி இல்லாததால் லென்ஸின் தரமும் கெடாது. காகிதத்தில் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

வீட்டுக்குப் பின்னால் அருகம்புல்லில் குப்புறப் படுத்து முதல் துளியைத் தேடினேன். ஃபோகஸ் கிடைத்தபோது லென்ஸுக்கும் துளிக்கும் நடுவே ஆறேழு சென்டிமீட்டர்தான் இருந்தது. துளி தெளிவாகத் தெரிந்தது. அதன் வயிற்றில் ஒரு கருவட்டமும் தெரிந்தது, என் லென்ஸின் பிம்பம். கொஞ்சம் சாய்ந்து அதை ஒதுக்கலாம் என்று நகர்ந்தேன். லென்ஸ் விளிம்பு பக்கத்துப் புல்லில் பட்டது. அந்த அதிர்வு வேர் வழியாகவோ ஈரமண் வழியாகவோ போனதுபோல, துளி ஒரு கணம் நீண்டு, கழுத்து மெலிந்து, விழுந்துவிட்டது. அன்று காலை இப்படி ஒன்பது துளி போயிற்று. வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, “என்ன தம்பி, புல்லுக்குள்ள என்னத்தத் தேடுறிய?” என்று பதறிக் கேட்டார்கள். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.

இடம் குறைந்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. விடிகாலை வெளிச்சம் போதாது. ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துவாரத்தை, எஃப்/8 (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) வைத்தாலும் சென்சாருக்கு எஃப்/16 அளவு வெளிச்சம்தான் போய்ச்சேரும். ஃபிளாஷ் போடலாம் என்றால், லென்ஸ் மூக்கு துளியின் மேல் நிழலைக் கவிழ்த்துவிடுகிறது. ஒளியை மென்மையாக்க ட்ரேஸிங் தாளில் செய்த டிஃப்யூசரை நீட்டக்கூட இடமில்லை.

லென்ஸைத் திருப்பிப் போடுவதில் இது இன்னும் மோசம். பழைய 28 மி.மீ. லென்ஸைத் தலைமாற்றி மாட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும். செலவு ஒரு வளையம் மட்டும். அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸாக இருந்தால் வேலை சுலபம். புதிய கேனான் லென்ஸில், கேமரா இயங்கும்போதே ஃபீல்ட் ஆழம் (கூர்மையாகத் தெரியும் ஆழம்) பார்க்கும் பொத்தானை அழுத்தியபடி லென்ஸைக் கழற்றினால் அபெர்ச்சர் அப்படியே நிற்கும். நல்ல தந்திரம்தான். ஆனால் பொருள் ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும், லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி பனியை நோக்கித் திறந்தே கிடக்கும். வீட்டுக்குள் மேசைமேல் வைத்து எருக்கம்பூ மகரந்தத்தை எடுக்க இதை வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேக்ரோ லென்ஸை வாடகைக்கு எடுத்தேன், 100 மி.மீ. ஒன்றுக்கு ஒன்று நிலையில் முன்விளிம்புக்கு வெளியே சுமார் 13 சென்டிமீட்டர் இடம் தருகிறது. தூரத்து ஊருணி முதல் துளி வரை எதையும் கழற்றாமல் ஒரே சுழற்றில் எடுக்கலாம். ஓரம் வரைக்கும் கூர்மை. ஒப்பிட்ட ஐந்தில் படத்தின் தரத்துக்கு முதலிடம் இதற்குத்தான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வாடகை எடுத்த இரண்டு நாளும் மேகமூட்டம். ‘பனி விழுகிறது’ என்று சொன்னாலும் பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சில்லிடும், பக்கத்துக் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். மேகம் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் இலை அவ்வளவு குளிராது. புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. கிணற்றடிச் சேம்பில் மட்டும் இலை நுனியில் முத்து முத்தாகத் துளிகள். அது பனி இல்லை. ஈரமண்ணில் நிற்கும் செடி இரவில் வேரின் அழுத்தத்தால் மேலே தள்ளும் நீர், இலை நுனியிலும் ஓரத்திலும் உள்ள நுண்துளைகள் வழியாகக் கசிந்து நிற்பது. தக்காளியிலும் புல்லிலும்கூட இதைப் பார்க்கலாம். தாது உப்பு கலந்த நீர் என்பதால் காய்ந்தபின் சில நேரம் வெள்ளைத் தடம் விடும். புல் முழுக்கப் பரவிய பொடித்துளிகள் பனி என்றால், நுனியில் மட்டும் ஒற்றையாக நிற்கும் பெரிய துளி பெரும்பாலும் இந்தக் கசிவுநீர்தான். வாடகைப் பணம் அந்தச் சேம்பிலைக்கே செலவானது. நல்ல படங்கள் கிடைத்தன. ஆனாலும் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் துளி எடுக்கப்போகும் ஒருவர் அவ்வளவு பணத்தை இதில் முடக்க வேண்டுமா என்ற கேள்வி போகவில்லை.

நான் நின்றுவிட்ட இடம் குளோஸ்-அப் லென்ஸ். கடையில் ஃபில்டர் செட்டாக விற்கும் ஒற்றைக் கண்ணாடியைச் சொல்லவில்லை. அதில் துளியின் விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரியும். நிறப்பிரிகையைத் திருத்தி, பல கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்தவை உண்டு. ரேனாக்ஸ் டிசிஆர்-250 அப்படிப்பட்டது, 8 டயாப்டர் (லென்ஸின் திறனைச் சொல்லும் அளவு). 52 முதல் 67 மி.மீ. வரை விட்டமுள்ள எந்த லென்ஸின் வாயிலும் கிள்ளி மாட்டலாம். நான் மாட்டுவது சாதாரண 55-250 ஜூமில்.

இதன் கணக்கைக் கவனியுங்கள். 1000-ஐ டயாப்டரால் வகுத்தால் இடைவெளி மில்லிமீட்டரில் வரும்: 1000/8 = 125. அதாவது மேக்ரோ லென்ஸ் தரும் இடத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். குவியத்தூரத்தை டயாப்டரால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம்: 125 மி.மீ.-இல் ஒரு மடங்கு, 250-இல் இரண்டு மடங்கு. ஜூமின் ஃபோகஸை முடிவிலியில் விட்டுவைத்தால் இடைவெளி மட்டும் மாறவே மாறாது. முழங்கையை ஈரமண்ணில் ஊன்றிக்கொண்டு, உடம்பு அசையாமல், ஜூம் வளையத்தைத் திருகியே புல்லிதழிலிருந்து ஒற்றைத் துளிக்குப் போய்விடலாம். துளி உதிராமல் இருக்க இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மற்ற நான்கு வழிகளிலும் பெரிதாக்க வேண்டுமென்றால் துளியை நோக்கி நகர்ந்தே ஆகவேண்டும்.

குறைகளும் உண்டு. ஜூமைக் குறைத்தால் படத்தின் மூலைகள் கறுக்கும். ஓரங்களில் மேக்ரோ லென்ஸின் கூர்மை வராது. பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும் தெரியாது. வெளிச்சம் குறையாது என்று புகழ்வார்கள், அது உண்மைதான், ஆனால் இலவசம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று நிலையில் இதில் எஃப்/16 தரும் ஆழமும் மேக்ரோ லென்ஸில் எஃப்/8 தரும் ஆழமும் ஒன்றுதான். அது சுமார் 0.6 மி.மீ., இரண்டு மடங்கில் இதே எஃப்/16-இல் அதில் நான்கில் ஒரு பங்குதான். எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த ஆழம் கூடப்போவதில்லை.

ஊருணி விஷயம் தனி. செம்புறாங்கல் படியில் உட்கார்ந்தால் தாமரை இலை கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் கிடக்கும். அதன்மேல் உருளும் நீர் வெள்ளிக்குண்டு மாதிரி மின்னும். இலையின் மேல்தோல் முழுக்க நுண்ணிய மொட்டுகள், அவற்றின்மேல் மெழுகுக் குழல்கள். அதனால் நீர் இலையில் ஒட்டுவதே இல்லை, அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுப்படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளிதான் வெள்ளியாகத் தெரிகிறது. தாமரை இலைத் தண்ணீரைப் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க அதைத் ‘தாமரை விளைவு’ என்றே சொல்கிறார்கள். இங்கே 12 சென்டிமீட்டர் இடைவெளி போதாது, தண்ணீருக்குள் இறங்க வேண்டிவரும். கேனானின் 500டி என்ற குளோஸ்-அப் லென்ஸ் 2 டயாப்டர், அரை மீட்டர் தள்ளியிருந்து எடுக்கலாம். 250 மி.மீ.-இல் அரை மடங்குதான் வரும். தாமரை இலைத் துளி பெரியது, அதுவே போதும். ட்யூபும் திருப்பிப்போட்ட லென்ஸும் கைப்பேசியும் ஊருணியில் பேச்சுக்கே இடமில்லை.

கைப்பேசியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். மேக்ரோ வசதியுள்ள கைப்பேசிகளும் கிள்ளி மாட்டும் குட்டி லென்ஸ்களும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் போகச் சொல்கின்றன. மூச்சுக்காற்றே துளியை ஆட்டும். மழை விட்டபின் அசையாமல் கிடக்கும் அகன்ற இலைகளுக்கு மட்டும் அதை எடுங்கள்.

இடைவெளி உண்மையிலேயே கைகொடுத்தது வளவு (செட்டிநாட்டு வீட்டின் உட்பகுதி) முற்றத்தில். பனி இல்லாத நாளில் ஒரு புல்லைத் துணிக் கிளிப்பில் கவ்வவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் நுனியில் 2 மி.மீ. அளவு துளி வைத்தேன். வீட்டைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரைக்கல்) ஒன்றை ஒரு அடி பின்னால் நிறுத்தினேன். எட்டங்குலக் கல்லின் பூ முழுதும் துளிக்குள் அடங்க அந்தத் தூரம் வேண்டும். முற்றத்து வெயில் கல்லின்மேல் விழ வேண்டும், துளியின்மேல் அல்ல. கண்ணாடிமேல் வார்த்த கல் என்பதால் முகம் பளபளக்கும், சற்றே சாய்த்து வைத்தால் கூச்சம் போய்விடும்.

துளி தானே ஒரு லென்ஸ், பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். ஆத்தங்குடிப் பூ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருப்பதால் கல்லைக் கவிழ்க்கத் தேவையில்லை. பலரும் தவறவிடும் இடம் ஃபோகஸ். அந்தப் பூவின் பிம்பம் துளிக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றினாலும், தண்ணீருக்கு ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், துளியின் ஆரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் துளிக்கு முன்னால், நம் பக்கம் விழுகிறது. இரண்டு மி.மீ. துளியில் புல்லுக்கும் பூவுக்கும் நடுவே இரண்டு மி.மீ. வித்தியாசம். நம்மிடம் இருப்பதோ அரை மி.மீ. ஆழம். இரண்டும் கூர்மையாக வராது. நான் எப்போதும் பூவுக்கே கொடுப்பேன், புல் மங்கினால் மங்கட்டும். துளியின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, பிறகு மூச்சளவு பின்னே சாய்ந்தால் பூ தெளியும். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47. அதைக் கலந்தால் பிம்பம் துளியை நெருங்கிவரும், துளியும் மணிக்கணக்கில் காயாமல் நிற்கும். முற்றத்தில் வெட்டிவைத்த புல்லுக்குச் சரி. வேரோடு நிற்கும் செடியின்மேல் அந்தப் பிசுக்கை நான் தெளிப்பதில்லை. தெளித்து எடுத்த படத்துக்குப் பனித்துளி என்று பெயர் வைப்பதும் இல்லை.

புதிதாக வாங்குபவர் 55-250 மாதிரி ஒரு ஜூம் வைத்திருந்தால் முதலில் ரேனாக்ஸ் 250. ஊருணிப் பக்கம் வீடென்றால் 500டி. பணம் இருந்து, வருடம் முழுக்கச் செடிகளோடு திரிபவர் என்றால் தயங்காமல் மேக்ரோ லென்ஸ். ஏற்கெனவே ட்யூப் வாங்கிவிட்டவர்கள் அதை மூலையில் போட வேண்டாம். 50-ஐ விட்டுவிட்டு 85 மி.மீ. லென்ஸில் மூன்று குழாயையும் சேர்த்து மாட்டுங்கள். முக்கால் மடங்குக்குக் குறையாமல் வரும், துளிக்கு முன்னால் ஒரு சாணுக்குச் சற்றே குறைவாக இடமும் மிஞ்சும்.