கட்டையில் செடியா, தரையில் புல்லா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது இரண்டடி மீன் தொட்டி. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். மணலும் கட்டையும் போக ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். நாலு வருஷத்தில் வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடி தலைகால் புரியாமல் வளர்ந்து, உள்ளே ஒரு டிரிஃப்ட்வுட், அதாவது அலங்கார மரக்கட்டை, கிடப்பதே வருகிறவர்களுக்குத் தெரியாமல் போனது. பிரித்து மறுபடி அமைத்தே தீர வேண்டிய நிலை.

அப்போது முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, கட்டையை நடுநாயகமாக நிறுத்தி, அதன் மேலேயே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி என்னும் நீர்ச்செடிகளைக் கட்டிவிட்டு, தரையை வெறும் மணலாக விடுவது. இன்னொன்று, உரமண் பரப்பி, செடிக்கு கரியமில வாயு (சி.ஓ.2) ஊட்டும் சிலிண்டர் வைத்து, முன்பக்கம் முழுக்க மான்டி கார்லோ என்னும் குட்டைச் செடியால் புல்தரை போடுவது. ஜப்பானில் 1982-இல் ஏ.டி.ஏ. என்னும் செடித்தொட்டி நிறுவனத்தைத் தொடங்கிய தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டாவதன் மேல்தான் ஆசை. அமானோ கட்டையிலும் ஃபெர்ன் கட்டியவர்தான். ஆக, தகராறு வாயுவையும் மண்ணையும் பற்றியது.

இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். படுக்கையறையில் ஒரு தொட்டியில் ஒன்றரை வருஷம் புல் வளர்த்தேன். முதலில் அதன் அழகைச் சொல்லிவிட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு, விளக்கு எரிந்து நாலு மணி நேரம் ஆனபின், ஒவ்வொரு இலை நுனியிலும் ஆக்சிஜன் முத்து முத்தாக நிற்கும். ஒன்று கழன்று மேலே போகும், அதே இடத்தில் அடுத்தது முளைக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டைத் தொட்டியில் இந்தக் காட்சி கிடைக்காது.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை. சிலிண்டர், ரெகுலேட்டர், டிஃப்யூசர் என்று கணக்குப் போட்டால் கண்ணாடித் தொட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. அதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று, விளக்கு அணையும்போது வாயுவைத் தானே மூடும் சோலனாய்டு வால்வை நான் வாங்கவில்லை. இரவில் கையால் மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு மே மாதம் மூட மறந்தேன். விளக்கு அணைந்தபின் செடி சி.ஓ.2-வை எடுக்காது, அதுவும் மீனைப் போல ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடிகாலையில் பார்த்தால் மீன் எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, சி.ஓ.2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் குமிழ், வாயு மிஞ்சிவிட்டது என்று எலுமிச்சை மஞ்சளாக நிற்கிறது. ஆறு டெட்ரா மீன்கள் போயின. அந்தக் குமிழுக்குள் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே அது எப்போதும் பழைய கதையைத்தான் சொல்லும்.

சென்னை வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். சி.ஓ.2-வும் சூட்டில் குறைவாகவே கரையும், செடியும் மீனும் மூச்சுவிடும் வேகமோ கூடும். செடிக்குப் போதும் என்கிற அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கோடையில் சுருங்கிவிடுகிறது. ஏசி அறையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான்.

அடுத்தது தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் 900-ஐத் தொடும். உரமண்ணின் வேலைகளில் ஒன்று தண்ணீரின் காரத்தன்மையை உறிஞ்சி மென்மையாக்குவது. நல்ல தண்ணீரில் ஒன்றிரண்டு வருஷம் தாங்கும் மண், இப்படிப்பட்ட போர் தண்ணீரில் சில மாதங்களிலேயே களைத்துப்போகிறது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்தேன். வாரம் பாதித் தண்ணீர் மாற்ற, சமையலறை மெஷின் முன்னால் குடத்தோடு நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்கு அது இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை விட்டுவிடுகிறேன். அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இந்த வம்பே இல்லை, குளோரின் போன மெட்ரோ குழாய்த் தண்ணீரும் சரி, அதோடு கலந்த போர் தண்ணீரும் சரி.

புல்லுக்குக் கத்தரியும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் மெத்தை போலத் தடிக்கும். அடியில் வெளிச்சம் போகாமல் வேர் அழுகி, ஒரு நாள் மொத்தமும் பாய் சுருட்டினாற்போல மேலே வந்து மிதக்கும். எனக்கு இரண்டு தடவை மிதந்தது.

சரி, கட்டையில் குறையே இல்லையா? இருக்கிறது. அனுபியாஸ் ஒரு இலை விட மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அப்படி மெதுவாக வளர்கிற இலையில் கருந்தாடிப் பாசி வந்து உட்கார்ந்தால் போகாது. விளக்கு நேராக விழும் இடத்தில் கட்டியதால் எனக்கு வந்தது. கிளையின் நிழலில் கட்டி, விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறைத்தபின் அடங்கியது.

கட்டை வாங்குவதிலும் ஏமாறலாம். மலேசிய டிரிஃப்ட்வுட் கறுத்து, கனத்து, போட்டதும் மூழ்கும். ஸ்பைடர்வுட் கிளை கிளையாகப் பார்க்க அழகு, ஆனால் மிதக்கும், முதல் சில வாரம் இட்லி மாவு தடவினாற்போல வெள்ளைப் படலம் பூக்கும். அது கெடுதல் இல்லை, இறாலும் நத்தையும் தின்றுவிடும். கடற்கரையில் ஒதுங்கியது, தோட்டத்தில் வெட்டிய வேப்பங்கிளை இரண்டும் வேண்டாம். முன்னதில் உப்பு, பின்னதில் பூச்சியைக் கொல்லும் சத்து. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகும்போது அளவு நாடா எடுத்துப் போங்கள். கடையில் சின்னதாகத் தெரியும் கட்டை வீட்டுக்கு வந்ததும் வளர்ந்துவிடும். கண்ணாடிக்கும் கிளைக்கும் நடுவில் பாசி சுரண்டும் பிளேடு போக இரண்டு விரல் இடமாவது வேண்டும்.

கட்டையின் சாயம் இறங்க வேகவைக்கலாம் என்றால், என் கட்டை எங்கள் பெரிய குண்டானிலும் அடங்கவில்லை. டிரம்மில் மூன்று வாரம் ஊறவைத்தேன், தினமும் கட்டங்காப்பி நிறமான தண்ணீரைக் கொட்டி மாற்றினேன். இந்தச் சாயம் பி.ஹெச்.-ஐக் குறைக்கும், அதாவது தண்ணீரை அமிலப் பக்கம் தள்ளும் என்று கடையில் சொல்வார்கள். நம் போர் தண்ணீரில் அது அசைந்து கொடுக்காது.

கட்டுவதில் ஒரே ஒரு விதி. அனுபியாஸின் தண்டு இஞ்சித் துண்டு மாதிரி படுக்கையாக இருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். ஜாவா ஃபெர்னும் அப்படியே. தண்டைக் கட்டைமேல் கிடத்தி, கறுப்பு நூலால் இரண்டு சுற்று, அல்லது ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு. பசை தண்ணீருக்குள் வெள்ளையாகிவிடும், அதன்மேல் ஜாவா பாசித் துணுக்கை ஒட்டிவிட்டால் தெரியாது. வேர் பிடித்தபின் நூல் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைச் சொன்னது மீன்கள். இது புதுத் தொட்டி இல்லை. பத்து செர்ரி பார்ப் மீன்கள் ஏற்கெனவே உள்ளே நீந்துகின்றன. புது உரமண் பல வகைகளில் முதல் சில வாரம் மீனுக்கு நஞ்சான அமோனியாவைக் கக்கும், அதுவரை மீனை எங்கே வைப்பது? கட்டை வழியில் ஃபில்டர் ஸ்பாஞ்சை அதே தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளியில் வைத்தேன், மணலை வெளியே எடுத்து அலசினேன், மாலைக்குள் மீன்கள் வீடு திரும்பின. மணலைத் தொட்டிக்குள்ளேயே கிளறியிருந்தால் அடியில் தேங்கிய அழுக்கே அவற்றுக்கு எமனாகியிருக்கும்.

காலியாகத் தொடங்குகிறவர், ஏசி அறை உள்ளவர், அடிக்கடி கத்தரி பிடிப்பதில் சுகம் காண்பவர் புல் போடட்டும். சோலனாய்டை மட்டும் மறக்க வேண்டாம். பாசி தின்னும் என்று சொல்லி சக்கர் மீனை இரண்டு தொட்டியிலும் விடாதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்களால்தான் நம் ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது.

முன்பக்க மணல் மொட்டையாகத் தெரிகிறது என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டையின் காலடியில் மூன்று கிரிப்டோகொரைன் வென்டியை மட்டும் நட்டேன். இலங்கைச் செடி, செர்ரி பார்ப்பும் அந்த ஊர்தான். ஐந்தாம் நாள் இலை எல்லாம் கூழாகிக் கரைந்தது. இடம் மாற்றினால் அது செய்கிற வேலை அது, பிடுங்கக் கூடாது. நேற்றுக் காலை மணலுக்கு மேலே சுருட்டிய பழுப்பு நுனி ஒன்று, தீக்குச்சித் தலை அளவில்.