அப்பா பெயரா, ஊர்ப் பெயரா? ஏதென்ஸின் இரண்டு வழிகள்

பழைய ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸின் முழுப்பெயர் கிரேக்கத்தில் 'பெரிக்ளேஸ் க்ஸாந்திப்பூ கொலார்கெயுஸ்'. நடுவில் நிற்பது அப்பா பெயர். 'க்ஸாந்திப்போஸ்' ஆறாம் வேற்றுமையில் 'க்ஸாந்திப்பூ' ஆகிறது, அதாவது க்ஸாந்திப்போஸுடைய. 'மகன்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இது.

கடைசிச் சொல்லின் இலக்கணம் வேறு. கொலார்கோஸ் என்ற ஊரிலிருந்து பிறந்த பெயரடை அது. 'பெரிக்கிளீஸுக்கு' என்று எழுதினால் அதுவும் 'கொலார்கெய்' என்று கூடவே மாறும். அப்பா பெயரோ அசையாமல் நிற்கும்.

கி.மு. 508 வாக்கில் ஏதென்ஸின் அரசியலைச் சீர்திருத்திய கிளெய்ஸ்தெனீஸ் ஊர்ப்பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தார். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களை அப்பா பெயர் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே! அந்த வகையில் ஊர்ப்பெயர்தான் நியாயமானது என்பேன். ஆனால் பழக்கம் லேசில் போகுமா? ஒருவரை நாடுகடத்த வாக்களிக்கும்போது அவர் பெயரைக் கீறிய பானை ஓடுகளில், அரசியல்வாதி தெமிஸ்தோக்ளேஸைச் சிலர் 'தெமிஸ்தோக்ளேஸ், நெயோக்ளேஸுடைய' என்றும், சிலர் 'ஃப்ரெயாரியோஸ்' என்று ஊர் சொல்லியும் கீறியிருக்கிறார்கள்.

அப்புறம், பெண்களுக்கு இந்த ஊர்ப்பெயரடை பொதுவாகக் கிடையாது. கல்லறைக் கல்லில்கூட அப்பா அல்லது கணவர் பெயரோடு சேர்ந்துதான் அவர்களுக்கு ஊர் வந்தது.