தண்டர்பேர்டா, கிளாசிக் அவுட்லுக்கா?

இரண்டும் கணினியில் மெயிலும் காலண்டரும் பார்க்கும் மென்பொருள்கள்; கிளாசிக் என்பது மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் வடிவம். அலுவலகம் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சர்வர்) ஓடினால் யோசிக்கவே வேண்டாம், அவுட்லுக்தான். யார் எப்போது ஃப்ரீ, எந்த மீட்டிங் அறை காலி என்பதெல்லாம் காலண்டரிலேயே தெரியும். ஜிமெயில் மட்டும் பார்க்கிற வீட்டுக் கணினிக்கு அதைக் காசு கொடுத்து வாங்குவது வீண். மேலும், கால்டேவ் (காலண்டரை சர்வரோடு இணைக்கும் பொது முறை) காலண்டரை அது நேரடியாக ஏற்காது. தனி ஆட்-இன் போட வேண்டும். இலவசமான தண்டர்பேர்டில் புதிய காலண்டர் என்று போய் முகவரி கொடுத்தால் போதும்.

சேமிப்பில்தான் இரண்டும் காலை வாரும். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்புக்கு இயல்பான வரம்பு 50 ஜிபி. அதை ஒன்டிரைவ் ஃபோல்டரில் வைத்தால் சிங்க் திணறும், கோப்பே கெடவும் வாய்ப்புண்டு. தண்டர்பேர்டோ ஒவ்வொரு ஃபோல்டரையும் எம்பாக்ஸ் என்ற வகையில் ஒரே கோப்பாக எழுதுகிறது; அழித்த மெயில் ‘காம்பாக்ட்’ (கோப்பைச் சுருக்கி இடத்தை மீட்பது) ஆகும்வரை டிஸ்கிலேயே கிடக்கும். கணினி மாற்றும்போது தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். கணக்கு, ஃபில்டர், காலண்டர் எல்லாம் கூடவே வரும்.