டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஏலக்காய் வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

குமுளி, வண்டன்மேடு, கம்பம், போடி வட்டாரத்தில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். சொந்த டொமைனில், அதாவது நம் கடைக்கென்று வாங்கும் இணையப் பெயரில், மின்னஞ்சல் அமைத்துத் தருகிறோம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் இப்போது நிறைய. அப்படி வந்த ஒரு நிறுவனத்தால் எங்கள் ஏற்றுமதி வியாபாரம் ஒரு பருவம் முழுக்கத் தடுமாறியது. எங்கள் பெயரில் இருக்க வேண்டிய டொமைன் இன்றுவரை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் குமுளியில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். கொள்முதலைத் தம்பி பார்க்கிறான். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. உள்ளூர் வியாபாரத்துக்கு ஒரு டாட் இன், ஏற்றுமதிக்கு ஒரு டாட் காம், இரண்டையும் ஒரே மின்னஞ்சல் சர்வரில் அமைத்துத் தர வேண்டும் என்று பேசினோம். தேனி மாவட்டத்தில் இயங்கும் அந்த நிறுவனம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. பில்லில் ஒரே ஒரு வரி: ‘டொமைன், மெயில் பேக்கேஜ்’. விவரம் கேட்டபோது, “அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் அதை நடத்துகிறவர்.

வேலை முடிந்தது என்று காட்ட, புதிய டாட் காம் முகவரியிலிருந்து என் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பிக் காட்டினார். அது வந்து சேர்ந்தது. ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. ஒரு டொமைனின் பெயரில் கடிதம் அனுப்புவது வேறு, அந்த டொமைனுக்கு வரும் கடிதத்தைப் பெறுவது வேறு. பெறுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். இணையத்தின் முகவரிக் கையேடான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் என்ற பதிவு, இந்த டொமைனின் கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்கிறது. அந்தச் சர்வரும் தன் அமைப்பில் இந்த டொமைனைத் தன்னுடையதாகச் சேர்த்திருக்க வேண்டும். எம்எக்ஸ் மட்டும் வைத்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். டாட் இன்னுக்கு இரண்டையும் செய்திருந்தார்கள். ஏற்றுமதிக்கான டாட் காமைச் சர்வரில் சேர்க்கவே இல்லை.

இது எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. திரும்பிய கடிதம் அனுப்பியவருக்குத்தான் போகும். நமக்கு ஒன்றும் வராது. சவூதியில் உள்ள வாடிக்கையாளர் ஒருவர், தனக்குத் திரும்பி வந்த அறிவிப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பிய பிறகே விஷயம் வெளியே வந்தது. ‘554 5.7.1 ரிலே அக்சஸ் டினைடு’ என்று அதில் இருந்தது, இந்த டொமைன் என்னுடையது இல்லை, கடிதத்தை வாங்க மாட்டேன் என்று பொருள். அதைக் காட்டியபோதும், “அது அந்த அரபுக்காரர் பக்கத்துக் கோளாறு அக்கா” என்று சாதித்தார். அது பொய். இது அவருடைய சர்வரே சொன்ன பதில்.

காய் விலை புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னேலத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இன்று சொன்ன விலைக்கு நாளைக்குள் பதில் வராவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. வாங்குகிறவருக்குக் குவாத்தமாலா காய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எத்தனை ஆர்டர்கள் இப்படிப் போயின என்று எங்களால் சொல்லவே முடியாது. அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கோயம்புத்தூரில் சர்வர் நிர்வாக வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவனை உட்காரவைத்துப் பார்த்தோம். டிஎன்எஸ் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ரகசியம் ஒன்றுமில்லை. எந்தச் சர்வர்கள் நம் டொமைன் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு டாட் காமுக்கு இரண்டு இருந்தன, இணையதளத்துக்காக ஒன்று, மின்னஞ்சலுக்காக ஒன்று. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம் என்பது தரவிதி. இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் அதைப் பிழை என்றே முடிவுசெய்யும். கடிதத்தில் கையொப்பம் இடும் டிகிம் இல்லை. நம் பெயரில் வேறொருவன் அனுப்பும் போலிக் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் இல்லை. சர்வரின் ஐபி முகவரி என்ற எண்ணை வைத்து அதன் பெயரைக் கண்டறிய உதவும் எதிர்த்திசைப் பெயரும் வைக்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும், எதிர்த்திசைப் பெயரும் சரியாக இருக்க வேண்டும் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. நாங்கள் அனுப்பிய விலைப்பட்டியல்கள் பல ஸ்பேமில் கிடந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. ஏற்றுமதியில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று போலிக் கடிதம் அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டம் திரியும் காலத்தில், டிமார்க் இல்லாமல் ஒரு வியாபாரியை விட்டுவைப்பது சாதாரண அலட்சியம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மோசமான வேலை. அடுத்தது மோசடி.

வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம், டாட் காமை நகர்த்தத் தேவையான ரகசியக் குறியீட்டை, அதாவது மாற்றுக் குறியீட்டைத் தாருங்கள் என்று கேட்டோம். மாற்றுக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டார். அது ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரிடமே நேரடியாகக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. டொமைன் எங்கள் பெயரில் பதிவாகவே இல்லை. அவருடைய நிறுவனத்தின் பெயரில், அவருடைய மின்னஞ்சல் முகவரியில் இருந்தது. டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, உரிமையாளர் கேட்ட ஐந்து நாட்களுக்குள் ரிஜிஸ்ட்ரார் அந்தக் குறியீட்டைத் தந்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் அந்த விதி காப்பாற்றுவது பதிவேட்டில் இருக்கும் பெயரை. பணம் எங்களுடையது, கடைப் பெயர் எங்கள் அப்பா வைத்தது, பதிவேட்டில் இருப்பது அவர் பெயர்.

கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. எங்கள் பெயரிலேயே புதிய டொமைன் வாங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் போனில் அழைத்து முகவரி மாறியதைச் சொன்னோம். வங்கி, ஜிஎஸ்டி, ஸ்பைசஸ் வாரியப் பதிவு எல்லாவற்றிலும் மாற்றினோம். இதில் தாமதிக்கக் கூடாது. பழைய டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எம்எக்ஸை வைத்திருக்கிறார். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை அவரால் படிக்க முடியும், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகளையும் சேர்த்து.

“கேஸ் போடுவதென்றால் மலை இறங்கித் தேனிக்கு வாருங்கள்” என்று அவர் சொன்னார். கேரள, தமிழக எல்லையைக் காட்டி மிரட்டுவது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே கொடுக்கலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பது எங்கள் வாதம். அதை வைத்து இடுக்கி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் நடக்கிறது.

உங்கள் பில்லிலும் ‘டொமைன், மெயில்’ என்று ஒரே வரி இருந்தால், இன்றே ரிஜிஸ்ட்ராரின் ரசீதைக் கேளுங்கள். அதில் உரிமையாளர் இடத்தில் யார் பெயர், எந்த மின்னஞ்சல் என்று பாருங்கள். ரிஜிஸ்ட்ரார் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன், வெளியிலிருந்து உங்கள் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் டொமைனிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ என்று வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.