600 பேருக்கு எந்த காபி மெஷின்? பிரீமிக்ஸ், ஃபில்டர், பீன் டு கப்: ஓர் அலசல்

டெமோவுக்கு வரும் எந்த காபி மெஷினும் தோற்பதில்லை. நாலு பேர் நின்று நாலு கப் குடித்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். காலை 10.30-க்கு பிரேக் விட்டு, 300 பேர் ஒன்றாக வந்து வரிசை கட்டும்போதுதான் மெஷினின் குணம் தெரியும். அதனால் ருசிப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வரிசையைக் கணக்குப் போடுவோம்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்டில் 600 பேர், அரை மணி பிரேக், அதில் பாதிப் பேர் குடிக்கிறார்கள். 30 நிமிடத்தில் 300 கப் போக வேண்டும்.

பிரீமிக்ஸ் மெஷின் (காபியும் பால்பொடியும் முன்பே கலந்த பொடியைச் சுடுநீரில் கலக்கித் தருவது) 90 மி.லி. கப் ஒன்றை ஏறக்குறைய 8 விநாடியில் தரும். ஆள் நகர்ந்து அடுத்த டம்ளரை வைக்க இன்னொரு 7 விநாடி. நிமிடத்துக்கு 4 என்றால் அரை மணியில் 120 கப். மூன்று மெஷின் போதும். பீன் டு கப் மெஷின் கொட்டையை அரைத்து, அழுத்தி, வடித்து, பாலை நுரைத்துத் தர 40 விநாடிக்குக் குறையாது. கைமாறும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணியில் 36 கப்தான் வரும். 300 கப்புக்கு ஒன்பது மெஷின் வாங்க வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டினால் பாதி விற்பனையாளர்கள் பேச்சை மாற்றுவார்கள். ஃபில்டர் காபி மெஷினில் டம்ளரை அடுக்கி வைத்துப் பிடித்துத் தர ஒரு ஆள் இருந்தால் கப்புக்கு 8 விநாடி, அரை மணியில் 225 கப். இரண்டு மெஷினில் வேலை முடிந்துவிடும்.

பிரீமிக்ஸ்

ஒரு கப்புக்கு 12 முதல் 14 கிராம் பொடி; ஒரு கிலோ பாக்கெட்டில் 70 முதல் 80 கப் வரும். பாக்கெட்டின் பின்பக்கம் எடை அதிகமான பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும். பெரும்பாலும் அங்கே முதல் பெயர் சர்க்கரை. சர்க்கரை நோய்க்காரர்கள் இல்லாத ஆபீஸ் ஏது? மெஷினுக்குள் பொடி கொட்டும் டப்பாக்களில் (கேனிஸ்டர்) ஒன்றையாவது சர்க்கரையில்லாத பொடிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இதில் வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் ஆவி. சுடுநீர் விழும் கிண்ணத்திலிருந்து எழும் ஆவியை ஒரு சின்ன விசிறி இழுத்து வெளியே தள்ளும். அதன் பாதையில் பொடி படிந்து அடைத்தால் ஆவி மேலே ஏறி, பொடி விழும் மூக்கில் ஈரமாகி, அங்கேயே கல்லாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது சீக்கிரமே நடக்கும். கப் தண்ணியாக வருகிறது என்றதும் பொடி அளவைக் கூட்டச் சொல்வார்கள்; அதற்கு முன் மூக்கைக் கழற்றிப் பாருங்கள். மூக்கு சுத்தமாக இருந்தும் தண்ணியாகவே வந்தால், பொடியை மட்டும் விழவைத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். 13 கிராம் விழ வேண்டிய இடத்தில் 9 விழுந்தால் அப்போது பொடி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமரைத் திருத்தலாம். கலக்கும் கிண்ணத்தையும் அதற்குள் சுழலும் தகட்டையும் தினமும் மாலையில் கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும். மெஷினே தண்ணீர் விட்டு அலசும் ‘ஃபிளஷ்’ இதற்கு ஈடாகாது. மெஷினுக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் நின்றால் கலக்கும் மோட்டார் தண்டின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். சின்ன ரப்பர்தான், மாற்றாமல் விட்டால் மோட்டாரே போய்விடும்.

ஃபில்டர் காபி மெஷின்

ருசியில் நம் ஊர் நாக்குக்கு இதற்குப் போட்டி கிடையாது. ஆனால் இது தானே ஓடும் மெஷின் இல்லை. மாஸ்டர் ஒருவர் வேண்டும்.

100 கிராம் பொடிக்கு அரை லிட்டர் கொதிநீர் ஊற்றினால், பொடி குடித்தது போக 300 மி.லி. டிகாக்‌ஷன் இறங்கும். கப்புக்கு 25 மி.லி. என்றால் 12 கப். 300 கப்புக்கு இரண்டரை கிலோ பொடி, ஏழரை லிட்டர் டிகாக்‌ஷன், கப்புக்கு 75 மி.லி. வீதம் இருபத்திரண்டரை லிட்டர் பால். மாலை பிரேக்குக்கும் இதே அளவு என்றால் 45 லிட்டர் பால் வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. நீலத்தில் போட்டுவிட்டு காபி திக்காக இல்லை என்று மெஷினைத் திட்டக்கூடாது.

டிகாக்‌ஷனையும் பாலையும் காலையிலிருந்து சூட்டிலேயே வைத்திருப்பதுதான் இதில் பெரிய தப்பு. டிகாக்‌ஷன் சூட்டில் கிடந்தால் கசந்து புளிக்கும். பால் கிடந்தால் ஆடை கட்டிக் குழாயை அடைக்கும், காய்ந்த வாடையும் ஏறும். டிகாக்‌ஷனை அறைச் சூட்டில் வைத்துக்கொண்டு பாலை மட்டும் 85 டிகிரியில் விடுங்கள். 30 டிகிரி டிகாக்‌ஷன் கால் பங்கு, 85 டிகிரி பால் முக்கால் பங்கு சேர்ந்தால் கப்பில் 71 டிகிரி. குடிக்கச் சரியான சூடு. பாலை இரண்டு மூன்று தவணையாகக் காய்ச்சி ஊற்றுவது நல்லது. பிரேக் முடிந்ததும் பால் குழாயில் வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால், மாலையில் முதல் பத்து கப் திரிந்து வரும்.

பொடி வாங்கும்போது சிக்கரி விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் விதி. மீதி முழுக்க சிக்கரியாக இருந்தாலும் காபி-சிக்கரி கலவை என்ற பெயரில் சட்டப்படி அது செல்லும்! 80–20 என்று பேசி 60–40 வந்தால், நிறம் கருகருவென்று இருக்கும், மணம் இருக்காது.

பீன் டு கப்

கப்புக்கு 8 கிராம் கொட்டை. கிலோவுக்கு 120 கப் சொச்சம். பால் கலக்காமல் குடிப்பவர்களுக்கு இதுதான் சிறந்தது. வரவேற்பறை, நிர்வாகத் தளம் என 50, 60 பேர் ஆற அமர வந்து குடிக்கும் இடத்தில் வைக்கலாம். கேன்டீனில் வேண்டாம். டீ கேட்பவர்களுக்கு இதனால் பெரும்பாலும் பதில் சொல்லவும் முடியாது. பால் குழாயைத் தினமும் கழுவ வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு போக வாரம் ஒருமுறை மெஷினில் சுத்தம் செய்யும் மாத்திரை போட வேண்டும், சக்கைத் தொட்டி நிரம்பினால் கொட்டும்வரை மெஷின் நகராது.

கரண்டும் தண்ணீரும்

90 மி.லி. தண்ணீரை 30-லிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற 1 கிலோவாட் ஹீட்டருக்கு 22 விநாடிக்கு மேல் ஆகும். 2 கிலோவாட்டுக்கு 11 விநாடி. 15 விநாடிக்கு ஒரு கப் எடுக்கும் வரிசையில் 1 கிலோவாட் மெஷின் பின்தங்கிவிடும். பாய்லர் 2 லிட்டர் என்றால் இருபதாவது கப்பிலேயே சூடு 80 டிகிரிக்குக் கீழே வந்து, போகப்போக 70 பக்கம் இறங்கி, பொடி கரையாமல் கட்டி கட்டியாக வரும். ஆகவே ஹீட்டர் அளவைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2 கிலோவாட் என்பது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 16 ஆம்பியர் பிளக் வேண்டும், மெஷினுக்கு ஒரு தனி லைன் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றையும் செருகினால் முதலில் உருகுவது அந்த பாக்ஸ்தான்.

போர் தண்ணீரை நேராக விட்டால் ஹீட்டரில் உப்பு கட்டும். அதற்குப் பயந்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 20, 30 வரை இறக்கிய ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் வேறு வம்பு. பல பாய்லர்களில் நீர்மட்டத்தை அறிவது மின்கடத்தும் கம்பிதான். உப்பே இல்லாத தண்ணீர் கடத்தாது. தண்ணீர் நிரம்பியும் இல்லை என்று நினைத்து மெஷின் மேலும் மேலும் இழுக்கும். 100, 150 பக்கம் வைத்தால் காபிக்கும் நல்லது. 20 லிட்டர் கேன் நம்பிக்கையில் இருக்காதீர்கள். 300 கப் பிரீமிக்ஸுக்கே 27 லிட்டர் வேண்டும், பிரேக் நடுவில் கேன் மாற்ற யார் ஓடுவது? குழாய் இணைப்பே மேல்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எனவே எவர்சில்வர் டம்ளரா, பீங்கான் மக்கா என்று முடிவுசெய்து, அது மெஷின் மூக்குக்குக் கீழே நுழைகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

எதை எடுப்பது?

சமையலறை, குளிர்பெட்டி, மாஸ்டர் மூன்றும் இருந்தால் கேன்டீனுக்கு இரண்டு ஃபில்டர் மெஷின். இரவு ஷிப்டுக்குத் துணையாக ஒரு பிரீமிக்ஸ். மாஸ்டர் லீவு போட்டால் மாற்று ஆள் இல்லாத இடத்தில் பேசாமல் பிரீமிக்ஸ் மூன்றை வாங்குங்கள். கழுவ ஆள் இல்லாமல் ஓடும் பால் மெஷினைவிட அது எவ்வளவோ மேல்.

வாடகை இல்லை, பொடி மட்டும் வாங்கினால் போதும் என்பார்கள் விற்பனையாளர்கள். மாதக் குறைந்தபட்சம் எத்தனை கிலோ, லீவு அதிகமுள்ள மாதத்திலும் அதே அளவா, மெஷின் நின்றால் எத்தனை மணிக்குள் ஆள் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கப் கணக்கில் பில் என்றால் சுடுநீரும் ஃபிளஷ்ஷும் கப்பை எண்ணும் கவுண்டரில் ஏறுகின்றனவா என்று சோதியுங்கள். தீர்ந்த கிலோவை 75-ஆல் பெருக்கினால் வரும் எண்ணும் கவுண்டர் எண்ணும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும்.

டெமோவை மீட்டிங் அறையில் வைக்காமல் கேன்டீனில், பிரேக் நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நிறுத்தாமல் 100 கப் எடுத்து, பத்தாவது கப்பிலும் எண்பதாவது கப்பிலும் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள்.