மழை அடங்கியது, என் எரிச்சல் அடங்கவில்லை: கேம்பர் வேன் கூரையும் பாலியூரித்தேன் சீலன்ட்டும்

வால்பாறைக்குப் போய்வந்த நண்பர், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் தன் கேம்பர் வேனின் கூரை மின்விசிறி ஓரமாகத் தண்ணீர் இறங்குகிறது, இடுக்கை அடைக்க எந்த சீலன்ட் வாங்கலாம் என்று கேட்டார். பெயரை மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைத்துப் பார்த்துவிட்ட கூரை என்னுடையது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

என் வேனின் இரும்புத் தகட்டுக் கூரையில் 14 அங்குலச் சதுரமாக வெட்டி மின்விசிறியைப் பொருத்திய பட்டறையில், விளிம்பைச் சுற்றி, கண்ணாடிக்குப் பூசும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கிவிட்டார்கள். வினிகர் வாசனை அடிக்குமே, அந்த வகை. இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் என்பதால் பெயின்ட் இல்லாத இரும்பின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. வெட்டிய விளிம்பிலோ பெயின்ட் துளியும் இல்லை. மேலே பளபளவென்று ஒரு குறையும் தெரியவில்லை. நகத்தால் நெம்பியதும் முழுப் பட்டையாகக் கையோடு வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கத் துருப்பொடி.

கூரை ஓயாமல் அசைகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மலையில் விடியற்காலை 15 டிகிரியில் கிடந்த தகடு, சமவெளிக்கு இறங்கி நண்பகல் வெயிலில் நின்றால் 65 டிகிரியை எளிதாகத் தொடும். 4 மீட்டர் நீள இரும்புக்கு அது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் நீட்சி. அலுமினியம் இதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு நீளும்; மின்விசிறியின் பிளாஸ்டிக் சட்டம் அதையும் மிஞ்சும். இறுகிக் கல்லாகும் எபாக்ஸி அந்த இணைப்பில் வெடிக்காமல் என்ன செய்யும்? தகட்டோடு சேர்ந்து நீண்டு சுருங்கும் பொருள்தான் அங்கே நிற்கும்.

அந்த வகையில், இறுகிய பிறகும் ரப்பர்போல் வளையும் பாலியூரித்தேன் சீலன்ட்டைக் குறை சொல்ல வழியில்லை. துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பிரைமர் அடித்துப் பூசிய நாளிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கொட்டும் மழையில் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்பக்கப் பலகையில் ஈரத்தின் நிழல்கூட இல்லை. வெயிலில் மேல்பரப்பு மங்கி மாவு மாவாக உதிர்வது உண்மை. ஆனால் இதன்மேல் பெயின்ட் பிடிக்கும், சிலிக்கான்மேல் பிடிக்காது. பெயின்ட் அடித்தேன், உதிர்வது நின்றது.

என் கோபமெல்லாம் மிச்சக் குழாயின் மேல்தான். 300 மில்லி அளவுள்ள குழாயில், மின்விசிறியைச் சுற்றிப் பூசக் கால் பங்குகூடச் செலவாகாது. மீதி? காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இது இறுகுகிறது. மழைக்கால ஈரத்திலும் ஜம்மென்று இறுகும் அதே குணம், திறந்த குழாயை நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாளிலேயே கொன்றுவிடுகிறது. குழாயின் மூக்கில் ஆணி செருகினேன், நாடா சுற்றினேன், பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். அடுத்த முறை திருகாணியை உள்ளே செலுத்திக் குறடால் இழுத்தால் ரப்பர் தக்கை பாதியில் அறுகிறது. அதற்குப் பின்னால் குழாய் முழுவதும் ரப்பர். சோலார் தகட்டின் கால் ஒன்றில் கடலையளவு பூசப் புதுக் குழாய் வாங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல பொருளைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வேலைக்கு மட்டும் போதுமான சிறு குழாயில் அடைத்து எல்லாக் கடைக்கும் அனுப்பத் தெரியாதா? கடையில் கிடைப்பதில் பாதி, காலாவதியை நெருங்கிய சரக்கு வேறு. எம்எஸ் பாலிமர் என்ற இன்னொரு வகை சீலன்ட்டுக்கு மாறினாலும் விடிவு இல்லை. வெயிலை அது நன்றாகத் தாங்கும், ஆனால் அதுவும் ஈரத்தில் இறுகும் சாதிதான்.

ஆகவே, ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டே நண்பருக்குச் சொன்னேன்: பாலியூரித்தேனை முதலில் வாங்காதீர்கள், பிசின்போல் ஒட்டும் ரப்பர் பட்டையான பியூட்டைல் நாடாவை வாங்குங்கள். அது இறுகுவதே இல்லை. சட்டத்துக்கு அடியில் வைத்துத் திருகாணிகளைச் சீராக முடுக்கினால் நாலாபக்கமும் பிதுங்கி வரும். சில நாள் கழித்து மறுபடி முடுக்கிவிட்டு, பிதுங்கியதை வழித்தெடுத்தால் போதும். மீதிச் சுருள் அடுத்த வேலைக்கு அப்படியே கிடக்கும். பழைய சிலிக்கானை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அதன்மேல் எதையும் நம்பிப் பூச முடியாது. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஆல்கஹால் முற்றிலும் உலர வேண்டும். மிச்சம் இருந்தால் அதன்மேல் பூசும் பாலியூரித்தேன் இறுகாமல் பிசுபிசுக்கும்.

திருகாணித் தலைகளை மூட எப்படியும் அந்தக் குழாய் கொஞ்சம் வேண்டும். என் சோலார் தகட்டுக்கும் வேண்டும். சுரண்டித் துடைத்த வேனோடு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே குழாயை உடைத்து, ஒரே பகலில் இரண்டு கூரைகளையும் முடித்துவிடப் போகிறோம்.